குறையா, இடைவெளியா? மூளை நாடிப்புடைப்பின் சுவர் பற்றிய ஒரு வாசிப்பின் வரலாறு

1. வழக்கு

மூளையின் அடிப்புறத்து நாடிகள் கவடு பிரியும் இடங்களில் சிறு பழம்போலப் புடைத்து, ஒருநாள் வெடித்து, மூளையைச் சூழ்ந்த நீர்வெளியில் குருதியைக் கொட்டும் அனியூரிசத்துக்குத் தமிழ் நலவாழ்வு எழுத்தில் ஒரு நிலைத்த விளக்கம் உண்டு. சுவரில் பிறவியிலேயே ஒரு குறை இருந்தது, அது நாளடைவில் ஊதிப் பெருத்தது என்பதே அது. கேட்பவர் இதை மறுப்பதில்லை. விதி என்ற சொல்லுக்கு மருத்துவம் கொடுத்த மறுபெயர்போல அது காதில் விழுகிறது.

இந்த விளக்கத்துக்குப் பெற்றோர் உண்டு, பிறந்த ஆண்டும் உண்டு. 1930இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையின் ஆய்வேட்டில் வைலி ஃபோர்பஸ் எழுதிய கட்டுரையே அதன் முதன்மைப் பிரதி. அதே ஆண்டு அவர் டியூக் பல்கலைக்கழகத்தின் நோயியல் துறையை நிறுவச் சென்றார். கட்டுரை மட்டும் உலகமெங்கும் பாடநூல்களுக்குள் நடந்தது. ஃபோர்பஸ் கண்ட பொருள் மெய், அதை அவர் வாசித்த முறையே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். அவரைவிட அவருடைய வாசகர்கள் கூடுதலாகப் பிழை செய்தார்கள் என்பதும் அதன் ஒரு பகுதி.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. இலங்கைப் பாடநூல் வழக்கைப் பின்பற்றி, இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாயை நாடி என்கிறேன். தமிழகத்து வாசகர் தமனி என்று கொள்க. தமிழில் மேலைமருத்துவம் எழுதுவது நமக்குப் புதிதன்று. வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் அச்சேறின. ஒரு சொல்லைத் தவறாகத் தேர்ந்தால் நோயையே தவறாகப் புரிந்துகொள்ள நேரும் என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது. இங்கே வழக்காடப்படும் சொல் ‘குறை’.

2. ஃபோர்பஸின் பிரதி

அவருடைய தலைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மூளையின் மேற்புற நாடிகளில் தோன்றும் ‘தினையளவுப்’ புடைப்புகளின் தோற்றம் பற்றி என்று அவர் பெயரிட்டார். தினையளவு என்ற அந்த அடைமொழியை 1868இலேயே பாரிசில் ஷார்கோவும் பூஷாரும் வேறொன்றுக்குச் சூட்டியிருந்தார்கள். மூளைக்குள் ஆழ ஊடுருவும் மயிரிழை நாடிகளில் அவர்கள் கண்ட நுண்புடைப்புகள் அவை. அவற்றின் காரணம் வேறு, அவற்றால் வரும் குருதிக்கசிவின் இடமும் வேறு. ஃபோர்பஸ் ‘மேற்புற’ என்ற சொல்லைச் சேர்த்துத் தம் பொருளைப் பிரித்துக்கொண்டார். ஆயினும் இரண்டையும் ஒரே பெயரில் வாசித்துக் குழம்பியவர்கள் பின்னும் இருந்தார்கள். தினைகூட இரண்டு வயலில் விளையும் என்பதை மறந்த குழப்பம் அது.

பெருநாடிக் கவடுகளை நீளவாக்கில் வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, தண்டிலிருந்து இரு கிளைகள் பிரியும் கோணத்தில் நடுப்படையின் தசை அறுந்து நிற்பதை ஃபோர்பஸ் கண்டார். நடுப்படை என்பது சுவரின் மூன்று படைகளில் நடுவிலுள்ளது, வட்டமாகச் சுற்றிய மழமழப்புத் தசையால் ஆனது. கோணத்தின் உச்சியில் அந்தத் தசை இல்லை. அகப்படையை ஒட்டிய மீள்படலம் மட்டும், மெல்லிய புறப்படையின் துணையோடு, அந்த இடத்தை மூடியிருந்தது.

இதற்கு அவர் தந்த விளக்கம் கருவியல் சார்ந்தது. கருவில் தண்டின் தசையும் கிளையின் தசையும் தனித்தனியே உருவாகிப் பின் கவட்டில் சந்திக்கின்றன. சந்திப்பு நிறைவுறாத இடத்தில் வெற்றிடம் எஞ்சுகிறது. குருதி அந்த உச்சியில் நேரே மோதுவதால், தசைத் துணையற்ற மீள்படலம் ஓயாமல் இழுபட்டு நைந்து, இறுதியில் பிதுங்குகிறது.

இந்த வாக்கியங்களைக் கவனமாகப் படித்தால் ஒன்று தெரியும். புடைப்பு பிறவியில் வந்தது என்று ஃபோர்பஸ் சொல்லவில்லை. பிறவிக் குறையும் பிற்காலத் தேய்வும் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன, ஆகவே புடைப்பு வாழ்க்கையில் ஈட்டப்பட்டது என்பதே அவர் நிலைப்பாடு. 1887இலேயே எப்பிங்கர் மீள்படலத்தின் பிறவிப் பலவீனத்தைப் பேசியிருந்தார். அவரோடு ஒப்பிட்டால் ஃபோர்பஸ் மிதவாதி. பாடநூல்கள் இரண்டு பாதியில் ஒன்றை எடுத்துக்கொண்டன. பிறவிக் குறை தங்கியது, தேய்வு உதிர்ந்தது. மேற்கோள் ஏறஏற மூலம் இளைப்பது எல்லாத் துறைகளிலும் நடப்பதுதான். இங்கே அதன் விலை பெரிது: தேய்வு உதிர்ந்ததோடு, அதற்குக் காரணமான உயர் குருதி அமுக்கமும் புகைத்தலும் விளக்கத்திலிருந்து உதிர்ந்துபோயின.

ஆனால் ஃபோர்பஸை இத்தோடு விடுவிக்க இயலாது. மூலப்பிழை அவருடையதே. தசை இல்லை என்பதைக் கண்ட அவர், அங்கே எதுவும் இல்லை என்று வாசித்தார். இல்லாத ஒன்றைக் கண்டதற்கும், ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டியதற்கும் இடையில்தான் எண்பது ஆண்டு வழக்கு நிற்கிறது.

3. முதல் எதிர்வாதம்: கிளினும் ஸ்டெபன்சும்

பத்தாண்டு கழித்து, 1940இல், பிரித்தானிய நோயியலாளர் கிளின் இரண்டு எளிய கேள்விகளைக் கேட்டார். புடைப்பு இல்லாதவர்களின் நாடிகளில் இந்த இடைவெளி இருக்கிறதா? இருந்தால் அது உண்மையில் பலவீனமானதா?

முதற் கேள்விக்கு விடை உடனே கிடைத்தது. புடைப்பு உள்ளவர்களிலும் இல்லாதவர்களிலும் இடைவெளிகள் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்பட்டன. பெரும்பாலோரிடம் இருக்கும் ஒன்றைச் சிலருடைய நோய்க்குக் காரணமாக்குவது கடினம். இரண்டாம் கேள்விக்கு அவர் நாடியையே சாட்சிக்கு அழைத்தார். தசையற்ற இடத்தில் மீள்படலம் மட்டும் தாங்கும்படி உள்ளிருந்து அமுக்கம் ஏற்றினார். 600 மில்லிமீற்றர் இரசம்வரை அது பிதுங்கவில்லை. ஆரோக்கியமான ஒருவரின் மேல் அமுக்கத்தைப்போல அது ஐந்து மடங்கு. முழுச் சுவரும் வேண்டாம், ஒரு படலமே போதும் என்று நாடி சொன்னது. 1950இல் கார்மைக்கேல் சமரசம் ஒன்றை முன்வைத்தார். தசையின் இடைவெளியும் மீள்படலத்தின் சிதைவும் ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்று விழும்போதே புடைப்பு என்றார். அப்படியானால் தீர்மானிப்பது மீள்படலத்தின் சிதைவே, இடைவெளி வெறும் சாட்சிதான் என்பது தானே பெறப்படும்.

வழக்கை நெடுங்காலம் நடத்தியவர் வில்லியம் ஸ்டெபன்ஸ். அவுஸ்திரேலியரான இவர் பின்னாளில் நியூசிலாந்தின் வெலிங்டனில் பணியாற்றினார். 1959இல் அவர் வெளியிட்ட ஆய்வில் மூன்று செய்திகள் ஃபோர்பஸின் கருவியல் விளக்கத்தை நேரே தாக்குகின்றன. இடைவெளிகள் வயதோடு கூடுகின்றன. கருவில் நின்றுபோன இணைப்பானால் எண்ணிக்கை பிறப்போடு முடிந்திருக்க வேண்டும். அவை கவட்டின் உச்சியில் மட்டுமன்றி, புடைப்பு வழக்கமாகத் தோன்றாத பக்கக் கோணங்களிலும் உள்ளன. விலங்குகளின் நாடிகளிலும் அவை உண்டு; விலங்குகளில் இயல்பாகத் தோன்றும் மூளைப் புடைப்போ அரிது.

வயதோடு கூடுகின்றன என்ற முதற் செய்தியில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. இடைவெளியை எண்ணுவது எத்தனை வெட்டுகள் வெட்டினோம் என்பதைப் பொறுத்தது. குழந்தையின் நாடி சிறிது, வெட்டும் குறைவு. ஆகவே இந்தச் சான்றை நான் துணைச்சான்றாகவே கொள்கிறேன். மற்ற இரண்டும் அத்தகைய ஐயத்துக்கு இடம் தராதவை. அவற்றோடு மருத்துவர் யாவரும் அறிந்த ஒன்றையும் சேர்க்கலாம். இந்தப் புடைப்பு குழந்தைகளில் மிக அரிது, நடுவயதில் பெருகுகிறது, பெண்களில் கூடுதல். பிறவியின் கணக்கு இப்படி ஓடாது.

4. ஓர் இடைவெளியின் மறுவாசிப்பு

இந்த ஆய்வின் மையச் சான்றுக்கு வருகிறேன். அது 1998இல் ஹெலன் ஃபின்லேயும் விற்றேக்கரும் பீற்றர் கன்ஹமும் வெளியிட்ட ஓர் ஒளிப்படத் தொகுதி. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் அந்த ஆய்வு நடந்தது. மனித மூளை நாடிகளின் கவடுகளை அவர்களும் வெட்டிப் பார்த்தார்கள். வேறுபாடு இரண்டு: கொலாஜனைக் காட்டும் சாயமும், முனைவாக்கிய ஒளியும்.

கொலாஜன் இழைகள் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருந்தால் முனைவாக்கிய ஒளியில் பளிச்சிடும். கலைந்து கிடந்தால் மங்கும். நுணுக்குக்காட்டியின் மேடையைச் சுழற்றிச் சுழற்றி இழைகளின் திசையை அளந்தால், ஒரு படையின் வலிமை எந்தப் பக்கம் நோக்குகிறது என்று சொல்லிவிடலாம். தசை இல்லாத அந்த உச்சியில் அவர்கள் கண்டது வெற்றிடமன்று. தசைநாணில் காணப்படுவதைப் போல, ஒரே திசையில் இறுக அடுக்கப்பட்ட கொலாஜன் பட்டை ஒன்று கவட்டின் முகட்டு வழியே ஓடியது. உச்சியை இருபுறமும் பிடித்துக் கட்டும் நார் அது.

கல்வெட்டு வாசிப்போர் இதை உடனே புரிந்துகொள்வர். மைப்படியில் எழுத்து விழாத இடம் கல் பொரிந்த இடமாக இருக்கலாம். வேறு ஆழத்தில், வேறு கையால் வெட்டப்பட்ட எழுத்தாகவும் இருக்கலாம். மைப்படி ஒன்றை மட்டும் நம்பியவர் புள்ளியிட்டுச் சிதைவு என்று எழுதிவிடுவார். பக்கவாட்டில் விளக்குப் பிடித்துப் பார்ப்பவர் வரியை வாசிப்பார். ஃபோர்பஸின் காலத்துச் சாயங்கள் தசையையும் மீள்படலத்தையும் எடுப்பாகக் காட்டின. கொலாஜனை ஒரு மங்கிய பின்னணியாகக் காட்டினாலும், அதன் அடுக்கைச் சொல்ல அவற்றால் முடியாது. நீளவாக்கு வெட்டு ஒன்றில் உச்சி ஒரு புள்ளி மட்டுமே. முகட்டின் வழியே ஓடும் பட்டை அந்த வெட்டில் குறுக்கே அறுபட்டு, இழையின் ஓட்டமே தெரியாமல் போகும். சாயமும் வெட்டுத்தளமும் சேர்ந்து ஒரு கட்டமைப்பை மறைத்தன. மறைந்ததைக் குறை என்று படித்தார்கள்.

இங்கே சான்று மெலிந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆய்வுக்கு வந்த நாடிகள் இறந்தவர்களுடையவை, எண்ணிக்கையில் சில. ஆயினும் என் வாதத்தை இந்த இடத்தில்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தசை சுருங்கி விரியும் பொருள். இரு குழாய்களின் தசைவளையங்கள் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் சந்தில் சுருங்கும் பொருளை வைத்தால் சந்து அசைந்துகொண்டே இருக்கும். அங்கே வேண்டியது அசையாத கட்டு. உடல் மற்ற இடங்களிலும் இதையே செய்கிறது: தசை எலும்பைத் தொடும் இடத்தில் தசை முடிந்து நாண் தொடங்குகிறது. அதைத் தசையின் பிறவிக் குறை என்று யாரும் அழைப்பதில்லை. கவட்டின் இடைவெளியும் அத்தகைய ஒரு மூட்டு. விலங்குகளில் அது பரவலாக இருப்பதும், 600 மில்லிமீற்றர் இரசத்தை அந்த இடம் தாங்கியதும், இழைகளின் ஒழுங்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன. மூன்றும் தனித்தனியே வலுக்குறைந்தவையாக இருக்கலாம். மூன்று ஆய்வாளர், மூன்று முறை, மூன்று காலம் என்பதை நினைத்தால் தற்செயல் என்று தள்ள முடியவில்லை.

5. உடைப்பு எடுக்கும் இடம்

அப்படியானால் புடைப்பு ஏன் கவட்டில் வருகிறது?

இலங்கையில், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் அடம்பன் பகுதியில் இந்தக் கேள்விக்குப் பாதி விடை தெரியும். நீர் நேரே முட்டும் இடத்தில் கல் அடுக்குவார்கள். கல் அடுக்கிய இடம் பெரும்பாலும் நிற்கும். அரிப்பு, கல் முடிந்து மண் தொடங்கும் ஓரத்தில், நீர் முட்டித் திரும்பி விரையும் இடத்தில் எடுக்கும். உடைப்பைப் பார்க்கப் போகிறவர் கல்லுக்குப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஹுயி மெங் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ இதையே நாடியில் காட்டியது. நாய்களின் கழுத்து நாடிகளைக் கொண்டு புதிய கவடுகளை அறுவையால் அமைத்துக் காத்திருந்தார்கள். குருதி நேரே மோதிய உச்சியில் அகப்படை தடித்தது. அதற்கு அடுத்து, ஓட்டம் திரும்பி வேகம் பிடிக்கும் பகுதியில், சுவரை உரசி இழுக்கும் விசை உயர்ந்து சடுதியில் மாறும் இடத்தில், மீள்படலம் மறைந்தது, நடுப்படை மெலிந்தது. புடைப்பின் முதல் அறிகுறிகள் அவை. குருதி மோதும் உச்சியில் அன்று, அதற்குப் பக்கத்தில், சுவர் தளர்ந்தது. ஃபோர்பஸ் சுட்டிய வீட்டுக்கு அடுத்த வீட்டில் திருட்டு நடந்திருக்கிறது.

அதற்கும் முன்பே, 1978இல், யப்பானின் ஹஷிமொட்டோவும் ஹண்டாவும் ஹசாமாவும் எலிகளில் மூளைப் புடைப்பை உண்டாக்கிக் காட்டியிருந்தார்கள். அவர்கள் செய்தவை மூன்று. ஒரு பக்கக் கழுத்து நாடியைக் கட்டி மற்றப் பக்கத்து ஓட்டத்தைக் கூட்டினார்கள். உப்பும் இயக்குநீரும் கொடுத்துக் குருதி அமுக்கத்தை உயர்த்தினார்கள். இனிப்புப் பட்டாணிப் பூச்செடியின் விதையில் உள்ள ஒரு நச்சை உணவில் கலந்து, கொலாஜனும் எலாஸ்டினும் குறுக்கே பிணையும் வேதிவினையைத் தடுத்தார்கள். (நம் நாடுகளில் கால்முடக்கத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் கேசரிப் பருப்பின் நச்சு வேறு; இரண்டையும் குழப்பக் கூடாது.) பிறவிக் குறை ஏதுமற்ற எலியில் ஓட்டமும் அமுக்கமும் இழைத்தளர்வும் சேர்ந்து புடைப்பை உண்டாக்கின. ஃபோர்பஸின் ‘தேய்வு’ என்ற மறக்கப்பட்ட பாதிக்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடைக்காது.

ஃபோர்பஸ் தரப்புக்காகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நோயில் பிறவிக்குப் பங்கு இல்லை என்று நான் வாதிடவில்லை. சில குடும்பங்களில் புடைப்பு கூடுதலாக வருகிறது. பரம்பரையாக வரும் பலநீர்ப்பைச் சிறுநீரக நோயாளரிலும் அப்படியே. மூளையடி நாடிவட்டத்தின் அமைப்பும் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேறுபடும். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 200க்கு மேற்பட்ட இலங்கையரின் மூளைகளைப் பார்த்து 2011இல் எழுதியபோது, பாடநூற் படத்தில் உள்ளவாறான முழு வட்டம் சிறுபான்மையோரிடமே காணப்பட்டது. முன் மூளை நாடியின் ஒரு பக்கம் ஒடுங்கியவர்களில், மற்றப் பக்கம் இரட்டைச் சுமை சுமக்கிறது; முன் இணைப்பு நாடியில் புடைப்பு வருவது அத்தகையோரில் மிகுதி. ஆக, பிறவியில் வருவது பெரும்பாலும் வாய்க்கால் பிரிந்த முறையும் மண்ணின் தன்மையும். கட்டில் ஓட்டை அன்று.

6. பையின் சுவர்: இழையும் தகைப்பும்

கவட்டின் சுவர் வேறு, புடைத்த பையின் சுவர் வேறு. பலர் இரண்டையும் ஒரே பொருளாகப் பேசுகிறார்கள்.

1957இல் மார்கொட் றோச்சும் அலன் பேட்டனும் ஒரு நேர்த்தியான சோதனை செய்தார்கள். நாடித்துண்டில் எலாஸ்டினை ஒரு நொதியால் கரைத்தும், கொலாஜனை ஓர் அமிலத்தால் கரைத்தும், எஞ்சியதை இழுத்துப் பார்த்தார்கள். சிறிய இழுப்பை எலாஸ்டின் தாங்குகிறது; பெரிய இழுப்பில், அதுவரை நெளிந்து கிடந்த கொலாஜன் நிமிர்ந்து சுமையை ஏற்கிறது. 1972இல் ஸ்கொட், ஃபேர்கசன், றோச் ஆகியோர் இந்த அளவுகோலை மூளைப் புடைப்புக்குப் பொருத்தினர். புடைப்பின் சுவர், அருகிலுள்ள நாடியைவிடக் குறைவாகவே விரிந்தது. எலாஸ்டின் போய்விட்டது, கொலாஜன் முழுச் சுமையையும் தாங்குகிறது. பலூன்போல எளிதாக ஊதும் பை என்று நாம் மனத்தில் வரைந்துள்ள படம் பிழை. அது விறைத்த, மெல்லிய, தளர்ச்சிக்கு இடமற்ற தோல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பையைக் கோளம் என்று கொண்டால், சுவரின் தகைப்பு அமுக்கத்தை ஆரையால் பெருக்கி, தடிப்பின் இரு மடங்கால் வகுத்தது. ஆரை 4 மில்லிமீற்றர், தடிப்பு 0.1 மில்லிமீற்றர், அமுக்கம் 100 மில்லிமீற்றர் இரசம் என்றால் தகைப்பு ஏறத்தாழ 0.27 மெகாபாஸ்கல். தடிப்பு பாதியானால் 0.53. அதே மெல்லிய சுவரில் அமுக்கம் 180க்கு ஏறினால் 0.96. வெட்டியெடுத்த பைத்துண்டுகளை இழுத்து அறுத்த சோதனைகளில், அறும் தகைப்பு 1 மெகாபாஸ்கலின் அண்டையில்தான், சிலவற்றில் அதற்கும் கீழே வருகிறது. கோபத்தில் ஏறும் அமுக்கமும், ஒரு தாளின் தடிப்பை விட மெல்லிய சுவரும் ஒரே நேரத்தில் சந்திக்கும்போது மிச்சம் இருக்கும் இடம் எவ்வளவு சிறிது என்பதற்காகவே இந்தக் கணக்கு. உண்மைப் பை கோளமன்று. தடிப்பு இடத்துக்கு இடம் மாறும். மக்டொனால்ட், ஃபின்லே, கன்ஹம் மூவரும் 2000இல் காட்டியபடி வலிமையும் திசைக்குத் திசை மாறும்.

சுவரின் உயிருள்ள பகுதியைப் பற்றி ஹெல்சிங்கியில் பிரோசன் குழு 2004இல் எழுதியது இன்றும் அடிப்படை ஆய்வு. வெடிக்காத 24, வெடித்த 42 புடைப்புகளின் சுவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். தசைக்கலங்கள் ஒழுங்காக வரிசைப்பட்ட சுவர் முதல் வகை. அவற்றில் வெடித்திருந்தவை 42 விழுக்காடு. கலங்கள் ஒழுங்கு குலைந்த தடித்த சுவரில் 55, கலங்கள் அருகிய சுவரில் 64. கலங்கள் செத்து, குருதிக்கட்டி படிந்த மிக மெல்லிய நான்காம் வகையில் 100. சுவரைக் கட்டும் கலம் உள்ளவரை சுவர் திருத்தப்படுகிறது. கலம் செத்த சுவர் பராமரிப்பில்லாத குளக்கட்டு.

இதற்கு எதிர்ச்சான்று உண்டா? ஓரளவு உண்டு. மொன்பெலியேயில் கோஸ்தலா குழு 2011இல் 16 புடைப்புகளை இழுத்துப் பார்த்தபோது, வெடிக்காதவை விறைப்பாகவும் வெடித்தவை இளகியும் இருந்தன. 2015இல் பிற்ஸ்பேர்க்கின் றொபேட்சன் குழுவோ, வெடிக்காத சுவர்களுக்குள்ளேயே வலுத்தவையும் நலிந்தவையும் கலந்திருப்பதைக் கண்டது. இளகியதால் வெடித்ததா, வெடித்ததால் இளகியதா என்பதை வெடித்த பின் எடுத்த துண்டு சொல்லாது. இன்னொரு தடையும் உண்டு. அறுவைமருத்துவர் கழுத்தில் கவ்வி பொருத்தியபின் மேல்முகட்டையே வெட்டி எடுக்க முடியும். கழுத்தும் கவடும் நோயாளியிடமே தங்கிவிடும். நம் கையில் உள்ள ஏடுகள் யாவும் பிற்காலப் பிரதிகள். முதற்பிரதியை யாரும் பார்த்ததில்லை.

7. காலக்கணிப்பு

ஒரு புடைப்பு எப்போது பிறந்தது? ஃபோர்பஸ் மரபின்படி அதன் வித்து நோயாளியின் வயதை ஒத்தது. இதைச் சோதிக்க 2013, 2014 ஆண்டுகளில் எற்மினன் குழு எடுத்த வழி தொல்லியலாருக்கு உறவானது. 1950களிலும் 1960களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கதிர்க்கரிமத்தைக் கூட்டின. 1963க்குப் பின் அது படிப்படியாகக் குறைந்துவருகிறது. உடலில் ஓர் இழை கட்டப்பட்ட ஆண்டின் காற்று அந்த இழையில் பதிந்திருக்கும். புடைப்புச் சுவரின் கொலாஜனை அவ்வாறு அளந்தார்கள்.

விடை பலரை வியக்கவைத்தது. நோயாளியின் வயது எதுவாயினும், பையின் அளவு எதுவாயினும், கொலாஜனின் வயது பெரும்பாலும் ஐந்தாண்டுக்குள் இருந்தது. குருதி அமுக்கமும் புகைத்தலும் உள்ளவர்களில் அது இன்னும் இளையது.

இதை வைத்து ஃபோர்பஸைச் சாய்த்துவிட்டோம் என்று கொண்டாட நான் தயாரில்லை. அளந்தது இழையின் வயது. பையின் வயது அன்று. ஆண்டுதோறும் கூரை வேயும் வீட்டின் கிடுகு புதிதென்பதால் வீடு புதிதாகிவிடாது. பை எப்போது தோன்றியது, ஒரே பாய்ச்சலில் வளர்ந்ததா, நின்று நின்று வளர்ந்ததா என்ற காலவரிசை தீர்க்கப்படாமலே இருக்கிறது. ஆனால் ஒன்று உறுதி. இது ஓயாமல் அழிந்து ஓயாமல் கட்டப்படும் சுவர். பிறவியில் கிடைத்த ஒரு பழைய ஓட்டை வெறுமனே விரிந்துகொண்டு போகும் கதை இதில் பொருந்தாது.

8. சென்னையிலிருந்து ஒரு துணைக்குறிப்பு

1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கிய பி. ராமமூர்த்தி, இந்தியாவில் மூளைப் புடைப்பு மேலைநாடுகளைவிடக் குறைவாகக் காணப்படுவது பற்றி 1969இல் அமெரிக்க நரம்பு அறுவை இதழில் எழுதினார். அந்த அவதானம் நேர்மையானது. அதை நம்மவர் சுவருக்குக் கிடைத்த பிறவி வரமாக வாசிப்பதுதான் தவறு. நாடிப்படம் எடுக்கும் வசதி சில நகரங்களில் மட்டும் இருந்த காலம் அது. திடீரென்று சரிந்து இறந்தவர் மருத்துவமனைக்கு வருமுன்பே சுடுகாட்டுக்குப் போன நாடு இது. இல்லை என்பதற்கும் காணவில்லை என்பதற்கும் இடையிலான அதே இடைவெளி இங்கேயும் இருக்கிறது. உண்மையான குறைவு எவ்வளவு, காணாமற்போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தக் காலத்துத் தரவுகள் போதா.

9. முடிவு

ஃபோர்பஸ் ஒரு நல்ல கண் படைத்தவர். கவட்டில் தசை இல்லை என்று அவர் சொன்னது இன்றும் சரி. புடைப்பு தேய்வினால் வருகிறது என்று அவர் சேர்த்துச் சொன்னதும் சரி. தசையற்ற இடத்தைப் பிறவிக் குறை என்று பெயரிட்டது மட்டும் நிலைக்கவில்லை. நிலைக்காத அந்தப் பெயரே நம்மிடம் நிலைத்துவிட்டது.

ஆகவே தமிழில் மருத்துவம் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். அந்த இடத்துக்கு ‘நடுப்படைக் குறை’ வேண்டாம், ‘நடுப்படை இடைவெளி’ போதும். குறை என்றால் நோயாளி தன் பிறப்பைப் பார்ப்பார். இடைவெளி என்றால் தன் குருதி அமுக்கத்தையும் கையிலுள்ள சிகரெட்டையும் பார்க்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும். அவருடைய புடைப்பின் சுவரில் இன்று சுமை தாங்கும் கொலாஜனில் பெரும்பகுதி கடந்த ஐந்து ஆண்டுக்குள் கட்டப்பட்டது.